வெவ்வேறு மனிதர்களின் முகங்களில் ஒரே மனிதத்தைக் காட்ட முடியுமா?

கேள்வி இது: வயது, மொழி, தொழில், வசதி என எல்லாவற்றிலும் வேறுபட்ட மனிதர்களைப் போர்ட்ரெய்ட் எடுக்க ஆசை. அந்தப் படங்களை ஒன்றாகப் பார்க்கிறவருக்கு, உள்ளுக்குள் நாம் எல்லோரும் ஒரே மாதிரி மனிதர்கள்தான் என்று தோன்ற வேண்டும். புகைப்படத்தால் இது நடக்குமா? நடக்கும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

நடக்கும். ஆட்களை எதிரில் உட்காரவைத்துப் படமெடுப்பதையே வேலையாகக் கொண்டவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். ஆனால் இந்த ஆசையோடு கிளம்புகிறவர்களில் பலர் முதலில் பிடிக்கும் வழி அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. அவர்கள் முகங்களுக்கு இடையே ஒற்றுமையைத் தேடுகிறார்கள். இங்கே ஒரு சிரிப்பு, அங்கே ஒரு சிரிப்பு. இங்கே குழந்தையை அணைத்த தாய், அங்கேயும் அதேபோல ஒரு தாய். பார்க்கும்போது மனசு கொஞ்சம் இளகும். மறுநாள் அதில் ஒரு முகம்கூட ஞாபகம் இருக்காது.

மனதில் தங்கிவிடும் போர்ட்ரெய்ட்டுகளை எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர் நம்மைப் போல இருக்க வேண்டிய அவசியமே இல்லை. தன்னை ஒருவர் பார்க்கிறார் என்று தெரிந்த அந்த நேரத்தில் அவர் தன்னை எப்படி வைத்துக்கொள்கிறார் என்பதுதான் நம்மைப் பிடித்து நிறுத்துகிறது. கொஞ்சம் கூச்சம், கொஞ்சம் பெருமை, 'என்னைச் சரியாகப் புரிந்துகொள்வாயா' என்ற ஒரு சந்தேகம். முகமும் உடையும் ஆளுக்கு ஆள் மாறும். இந்த நிலை மட்டும் யாருக்கும் புதிதல்ல. இன்னொருவர் கண்ணுக்கு முன்னால் நின்ற அனுபவம் இல்லாத மனிதர் கிடையாது. அதனால்தான் முன்பின் தெரியாத ஒருவரின் படத்தைப் பார்க்கும்போதும் அவர் நின்ற இடத்தில் நாமும் போய் நின்றுவிடுகிறோம். மனிதர்களுக்குப் பொதுவான உயிரோட்டம் என்று ஒன்றைப் படத்தில் பிடிக்க முடியுமானால், அது அங்கேதான் பிடிபடும் என்பது என் கருத்து.

ஒற்றுமையைத் தேடுவது ஏன் உதவாது என்பதற்கு ஒரு பழைய சோதனையைச் சொல்கிறேன். 1870களில் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் சிறைக் கைதிகளின் படங்களை எடுத்துக்கொண்டார். கண்ணோடு கண் பொருந்தும்படி வைத்து, ஒவ்வொரு படத்தையும் சிறிது நேரம் மட்டும் ஒரே தகட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தார். குற்றவாளிகளுக்கென்று ஒரு முகச்சாயல் இருக்குமானால் அந்தக் கூட்டுப் படத்தில் அது துலங்கிவிடும் என்று எதிர்பார்த்தார். வந்தது வேறு. தனித்தனி முகங்களில் இருந்த கரடுமுரடான அம்சங்கள் கரைந்துபோய், அசல் படங்களைவிட லட்சணமான ஒரு முகம் வந்தது. தீய குணத்தைக் காட்டுவதாக நினைத்த கோணல்கள் மறைந்து, அவற்றுக்கு அடியில் இருந்த பொதுவான மனிதத்தன்மை மேலே வந்துவிட்டது என்று 1878ல் அவரே எழுதினார்.

கேட்பதற்கு நாம் தேடுவது கிடைத்துவிட்டது போலவே இருக்கிறது. ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தால் ஏமாற்றம்தான். ஓரமெல்லாம் மங்கி, வழுவழுவென்று, எவரையும் பார்க்காத கண்களோடு ஒரு முகம். அதற்கு ஒரு வாழ்க்கை இருந்ததற்கான தடயமே இல்லை. மனித இனத்தைப் பொறுக்கி வளர்க்க வேண்டும் என்ற கொள்கைக்கு 1883ல் பெயர் சூட்டியவரும் இதே கால்டன்தான். சராசரி முகத்தில் அவர் கண்ட மனிதத்தன்மை, உயிருள்ள மனிதர்களை மதிப்பதற்கு அவருக்கே உதவவில்லை.

இதே ஆசை நல்ல மனதோடு, பிரம்மாண்டமாக அரங்கேறியதும் உண்டு. 1955 ஜனவரியில் எட்வர்ட் ஸ்டைகன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'மனிதக் குடும்பம்' என்ற கண்காட்சியைத் திறந்தார். 68 நாடுகள், 273 புகைப்படக்காரர்கள், 503 படங்கள். காதல், பிறப்பு, உழைப்பு, விளையாட்டு, துக்கம், சாவு என்று வாழ்க்கையின் ஓட்டத்தில் படங்கள் கோக்கப்பட்டிருந்தன. உலகப் போர் முடிந்து பத்து வருடம்கூட முழுதாக ஆகவில்லை, அணுகுண்டுப் பயம் எல்லோர் தலைமேலும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் இப்படி ஒன்று தேவைப்பட்டது. கண்காட்சி பல நாடுகளைச் சுற்றியது. 90 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். இப்போது அது லக்சம்பர்க்கில் கிளெர்வோ கோட்டையில் நிரந்தரமாக வைக்கப்பட்டிருக்கிறது.

அது பாரிஸுக்கு வந்தபோது ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமர்சகர் அதைக் கடுமையாக விமர்சித்தார். பிறப்பதும் சாவதும் எல்லோருக்கும் பொது, சரி. ஆனால் ஒரு குழந்தை சிரமமில்லாமல் பிறக்கிறதா, பிறந்தபின் பிழைக்குமா, அதற்கு என்ன எதிர்காலம் காத்திருக்கிறது என்பதையெல்லாம் வரலாறு தீர்மானிக்கிறது. அந்த வரலாற்றைத் துடைத்துவிட்டு, எல்லோரும் ஒருபோலப் பிறக்கிறோம் என்று சொல்வதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். அந்தக் கண்காட்சியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதில் தனித்தனியாக எத்தனையோ அருமையான படங்கள் இருக்கின்றன. ஆனாலும் பார்த் சொன்னதை இந்த வேலையில் இறங்குகிற ஒவ்வொருவரும் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஒருவருடைய உடை, கருவி, வீடு, கை காய்ப்பு, பெயர் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வெறும் கண்களை மட்டும் பெரிதாகக் காட்டினால், அவருடைய வாழ்க்கையை அவரிடமிருந்து பிடுங்கிவிட்டு 'நீயும் நானும் ஒன்று' என்று சொல்வதாகிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கேமரா தானாகவே மனிதத்தைக் காட்டிவிடும் கருவி கிடையாது. 1850ல் லூயி அகாசி என்ற ஹார்வர்ட் பேராசிரியருக்காக, தெற்குக் கரோலினாவில் ஜோசப் ஜீலி என்ற ஸ்டுடியோக்காரர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஏழு பேரை உடை களைந்து படமெடுத்தார். கறுப்பின மக்கள் தனியாகப் படைக்கப்பட்ட, தாழ்ந்த இனம் என்று நிறுவுவதற்குச் சான்றாக எடுக்கப்பட்ட படங்கள் அவை. வெளிச்சம் நன்றாக இருக்கிறது, முகங்கள் துல்லியமாகப் பதிந்திருக்கின்றன. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. எதிரில் நின்றவர்களுக்கு அதில் எந்தச் சொல்லும் இல்லை என்பதுதான் கொடுமை.

அதே காலத்தில், அதே நாட்டில், அடிமைத்தனத்திலிருந்து 1838ல் தப்பித்து வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் இந்தக் கருவியைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவரளவுக்கு வேறு யாரும் படமெடுத்துக்கொண்டதில்லை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்; ஏறக்குறைய 160 படங்கள் தெரியவந்திருக்கின்றன. படங்களைப் பற்றி மேடைகளில் பேசவும் செய்தார். வெள்ளைக்கார ஓவியர்கள் வரைந்த கறுப்பர்களின் உருவங்கள் கேலிச்சித்திரங்களாகவே இருந்தன என்பது அவருக்கு இருந்த குறை. அதனால் நல்ல கோட்டு அணிந்து, சிரிக்காமல், நேர்ப் பார்வையோடு உட்கார்ந்தார். அவருடைய படங்களில் எதை எடுத்தாலும், எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர்தான் என்பது உடனே புரியும். ஜீலியின் படங்களுக்கும் இவற்றுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் போர்ட்ரெய்ட் என்ற கலையின் தூரம்.

எதிரில் இருப்பவருக்கு அந்த உரிமையைக் கொடுத்து வேலை செய்த புகைப்படக்காரர்களை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. மாலி நாட்டில் பமாக்கோ நகரில் 1948ல் ஸ்டுடியோ திறந்த சேய்டூ கெய்ட்டா அவர்களில் ஒருவர். வாடிக்கையாளர் விரும்பினால் போட்டுக்கொள்ள கோட்டு, கைக்கடிகாரம், பேனா, பக்கத்தில் வைத்துக்கொள்ள ரேடியோ எல்லாம் வைத்திருந்தார். பின்னணிக்கு ஆரம்பத்தில் தன் படுக்கை விரிப்பையே கட்டினார். சில வருடங்களுக்கு ஒருமுறை பின்னணித் துணியை மாற்றுவார், அந்தத் துணியின் வேலைப்பாட்டை வைத்தே எந்தப் படம் எந்த வருடத்தது என்று பிற்பாடு அவரால் சொல்ல முடிந்தது. இரவல் கோட்டும் கடிகாரமும் பொய்தானே என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. நான் இப்படி இருக்க ஆசைப்படுகிறேன் என்று ஒருவர் காட்டுவதைவிட உண்மையான செய்தி என்ன இருக்கிறது? நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு கேமரா முன்னால் வந்து நிற்கும் பதற்றம் உலகம் பூராவும் தெரிந்த பதற்றம்.

ஜெர்மனியின் ஆகஸ்ட் சாண்டர் வேறு ரகம். தன் காலத்து மனிதர்கள் எல்லா வகையினரையும் படமெடுத்து ஒரு பெருந்தொகுப்பாக்கும் வேலையில் வாழ்நாளைச் செலவிட்டவர். விவசாயி, சமையற்காரர், வக்கீல், வேலையில்லாதவர், சர்க்கஸ்காரர் எல்லோரையும் ஒரே நிதானத்தோடு, பெரும்பாலும் நேருக்கு நேராக எடுத்தார். 1914ல் அவர் எடுத்த மூன்று இளம் விவசாயிகளின் படம் பிரபலம். மூவரும் கறுப்பு சூட்டும் தொப்பியும் போட்டு, கையில் கைத்தடியோடு, நடன விழாவுக்குப் போகிற வழியில் ஒரு மண்பாதையில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள். ஒருவன் வாயில் சிகரெட். முகத்தில் அந்த வயதுக்கே உரிய மிடுக்கு. ஆனால் கேமராவைப் பார்க்கிற கண்ணில் 'சரியாக இருக்கிறோமா' என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வருடம்தான் முதல் உலகப் போர் தொடங்கியது. அது தெரிந்து பார்க்கும்போது வயிற்றைப் பிசைகிறது.

சாண்டரின் படங்கள் அடங்கிய புத்தகத்தின் அச்சுத் தகடுகளை 1936ல் நாஜிகள் அழித்தார்கள். ஜெர்மானியர் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று அரசு காட்ட விரும்பிய முகத்துக்கு அவர் எடுத்த முகங்கள் ஒத்துவரவில்லை. அவருடைய மகன் எரிக் நாஜி எதிர்ப்புக்காகச் சிறைக்குப் போய் 1944ல் அங்கேயே இறந்தார். இத்தனைக்கும் பிறகு சாண்டர் தன் தொகுப்பில் துரத்தப்பட்ட யூதர்களையும் அரசியல் கைதிகளையும் வைத்தார். நாஜி சீருடை அணிந்தவர்களையும் வைத்தார். ஒருவருக்கு அழகான வெளிச்சம், இன்னொருவருக்குக் கோரமான கோணம் என்ற வித்தியாசம் இல்லை. இதைப் பார்ப்பது லேசான காரியமில்லை. மனிதர்கள் எல்லோரும் ஒரே உலோகத்தில் வார்க்கப்பட்டவர்கள் என்று நம்புகிறவர், கொடுமை செய்தவரும் அந்தக் கணக்கில் வருகிறார் என்பதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். உங்கள் தொகுப்பில் பாவமாகத் தெரிபவர்களும் அன்பாகத் தெரிபவர்களும் மட்டும் இருந்தால் பாதிதான் சொன்னதாக ஆகும்.

சரி, செய்முறைக்கு வருவோம்.

முகம் என்றாலே நம் கவனம் தானாகத் திரும்பிவிடும். பிறந்து சில நிமிடங்களே ஆன குழந்தைகள்கூட, கண் மூக்கு வாய் கலைத்துப் போடப்பட்ட உருவத்தைவிட முகம் போல அமைந்த உருவத்தைத்தான் தலையைத் திருப்பி அதிகம் பின்தொடர்கின்றன என்று 1970களிலிருந்தே ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே ஒரு முகத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டினாலே பார்க்கிறவர் நின்றுவிடுவார். அதை உங்கள் திறமை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். சுருக்கம் விழுந்த தோலைக் கருப்பு வெள்ளையில் அழுத்தமாகக் காட்டும் படங்கள் எளிதில் பாராட்டு வாங்குவதற்கும் இதுதான் காரணம். நின்றவர் நகராமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாரா என்பதில்தான் உங்கள் வேலை தெரியும்.

உட்கார்ந்ததும் பெரும்பாலும் என்ன நடக்கும் தெரியுமா? முதுகு நிமிரும், உதடு இறுகும், மூச்சு மேலே ஏறி நின்றுவிடும். இதைப் பார்த்ததும் 'இயல்பா இருங்க' என்று சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னவுடன் இருந்த கொஞ்சம் இயல்பும் போய்விடும். அந்த விறைப்பையும் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள், சில நேரம் அதுவே நல்ல படமாக அமையும். அப்புறம் பேசுங்கள். உங்கள் கேமராவைப் பற்றிப் பேசாமல், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்.

தையல் வேலை செய்யும் ஒரு பெரியவர் ஒருமுறை என் எதிரில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. முழங்கால்மேல் வைத்தார், எடுத்தார், மார்புக்குக் குறுக்கே கட்டினார், மறுபடி இறக்கினார். பேச்சு துணி பக்கம் போனது. சட்டென்று என் காலரைப் பார்த்து, "தம்பி, இந்தத் தையல் ஒரு பக்கம் இழுக்குது பாருங்க" என்றார். சொல்லும்போதே அவருடைய கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தன் சட்டையின் ஓரத்தை மடித்துப் பிடித்துக்கொண்டன, கண் மட்டும் என் காலரிலேயே இருந்தது. அந்த ஒரு கணத்தில் பார்க்கப்படுகிறவர் என்ற நிலையிலிருந்து அவர் பார்க்கிறவராக மாறிவிட்டார். தலை லேசாகச் சாய்ந்திருந்தது, புருவத்தில் வேலைக்காரனின் கண்டிப்பு. அப்போது எடுத்த படத்தைப் பார்க்கிறவர்கள் தங்கள் சட்டையை ஒருமுறை சரிசெய்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். தையல் தெரியாதவர்களும்தான்.

பேச்சு முக்கியம், ஆனால் பேச்சை நிறுத்துவது அதைவிட முக்கியம். நன்றாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டு நீங்கள் அமைதியானால், எதிரில் இருப்பவர் சிரிப்பை மெல்லக் கீழே இறக்கிவைப்பார். அடுத்த சிரிப்போ அடுத்த வார்த்தையோ வருவதற்கு முன் ஒரு இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்காதீர்கள். நெதர்லாந்தின் ரினெகெ டைக்ஸ்ட்ரா இதை வேறு வழியில் பிடித்தார். 1994ல் பிரசவம் முடிந்த தாய்மார்களை, சிலரை ஒரு மணி நேரத்துக்குள், சிலரை ஒரு நாள் அல்லது ஒரு வாரம் கழித்து, கையில் குழந்தையோடு நிற்கவைத்து எடுத்தார். போர்ச்சுகலில் காளையை வெறும் கையால் அடக்கிவிட்டு வெளியே வந்த ஆட்களை, ரத்தமும் புழுதியும் படிந்த சட்டையோடு எடுத்தார். போஸ் கொடுக்கத் தெம்பில்லாத நிலையில் மனிதர்கள் தங்களை எப்படிப் பிடித்து நிறுத்திக்கொள்கிறார்கள் என்பது அந்தப் படங்களில் தெரியும். தாய் என்றால் பூரிப்பு, வீரன் என்றால் வெற்றி என்ற வழக்கமான படம் எதுவும் அங்கே இல்லை. சோர்வும் வியப்பும் கலந்த ஒரு முகம் இரு தரப்பிலும் இருக்கிறது. ஒற்றுமையைத் தேடிப் போகாமலேயே கிடைத்த ஒற்றுமை அது.

கருவி விஷயத்தில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை இரண்டு மீட்டர் தள்ளி உட்காருங்கள். மிக அருகில் போனால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் போய்விடும். அந்த முகம் அவருக்கே அந்நியமாகத் தெரியும். முழுச் சட்டக (full-frame) கேமராவில் 85 முதல் 105 மில்லிமீட்டர் லென்ஸ் இந்தத் தூரத்துக்கு வசதி. போனில் எடுத்தால் இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸைப் பயன்படுத்துங்கள். கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். மேலிருந்து எடுத்தால் அவரைச் சிறியவராக்கிவிடுவீர்கள். குழந்தைகள், தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள் விஷயத்தில் இது மிகவும் முக்கியம், நீங்களும் தரைக்கு வாருங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். அருகில் உள்ள கண்ணில் ஃபோகஸ் வையுங்கள். முடிந்தால் கேமராவை ஸ்டாண்டில் பொருத்திவிட்டு நீங்கள் அதன் பக்கத்தில் நில்லுங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடான் அப்படித்தான் பெரிய கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தார். முகத்தைக் கருவிக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளாதபோது எதிரில் இருப்பவர் ஒரு மனிதரைப் பார்க்கிறார், அது அவர் பார்வையில் பதிகிறது.

தோலின் நிறத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாக. வண்ணப் படச்சுருள் காலத்தில் கோடக் நிறுவனம் ஆய்வுக்கூடங்களுக்கு நிறத்தைச் சரிபார்க்க ஒரு மாதிரி அட்டை அனுப்பும். அதில் பல்லாண்டு காலம் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அந்தத் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கருத்த தோல் உள்ளவர்களின் முகம் விவரமில்லாமல் இருண்டுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய கேமராக்கள் எவ்வளவோ தேறிவிட்டன, ஆனாலும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் கருத்த முகம் ஒன்றை வைத்து எக்ஸ்போஷரைக் கருவியிடம் விட்டால் முகம்தான் அடிவாங்கும். சுவரைப் பற்றிக் கவலைப்படாமல் முகத்தில் அளவெடுங்கள். அப்புறம் திருத்தும்போது தோலை வெளுக்கவும் வேண்டாம், நாடகத்தனமாகக் கருக்கவும் வேண்டாம். எல்லோரும் சமம் என்று சொல்ல வந்த தொகுப்பில் சிலர் முகம் மட்டும் சரியாகத் தெரியவில்லை என்றால் அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை.

இனி சம்மதம். எனக்கு இதில் விட்டுக்கொடுப்பு கிடையாது. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிப்போமோ என்ற இடத்தில், பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாமில் டொரோத்தியா லாங்கே ஒரு தாயையும் குழந்தைகளையும் படமெடுத்தார். உலகத்தில் மிக அதிகம் அச்சான படங்களில் ஒன்று அது. லாங்கே அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயரே 1978ல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை, அவர் எடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அப்போது தாம்ப்சன் வருத்தப்பட்டார். பத்திரிகையில் படம் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு போனது, ஆனால் அதற்குள் அவருடைய குடும்பம் வேறு இடத்துக்குப் போய்விட்டது. 1983ல் அவர் நோய்வாய்ப்பட்டபோது, அந்தப் படத்தால் மனம் கசிந்த எத்தனையோ பேர் பணமும் கடிதமும் அனுப்பினார்கள். அதன் பிறகு படத்தைப் பற்றிப் பிள்ளைகளின் எண்ணம் கொஞ்சம் மாறியது என்பதும் உண்மை.

1984ல் பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்து அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த ஆப்கானியச் சிறுமியின் படமும் இதே கதைதான். 1985 ஜூன் மாத நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் உலகமே பார்த்த அந்த முகத்துக்குச் சொந்தக்காரரான ஷர்பத் குலா, 2002ல் அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை தன் படத்தைப் பார்த்ததே இல்லை. இரண்டும் வலிமையான படங்கள், சந்தேகமில்லை. பார்த்தவர்கள் அந்தக் கண்களில் தங்களைக் கண்டார்கள். ஆனால் அந்தக் கண்களுக்கு உரியவர்கள் இந்தப் பரிமாற்றத்தில் எங்கே இருந்தார்கள்? மனித ஒருமையைப் பற்றிப் பேசுகிற படத்துக்கு இந்தக் கேள்வி மற்றப் படங்களைவிட அதிகமாகப் பொருந்தும்.

ஆகவே எடுக்கும் முன்பே எதற்காக, எங்கே காட்டப்போகிறேன் என்று சொல்லிவிடுங்கள். எடுத்ததும் காட்டுங்கள். 'இது வேண்டாம்' என்று அவர் சொன்னால், உங்களுக்கு அது எவ்வளவு பிடித்திருந்தாலும் விட்டுவிடுங்கள். ஒரு பிரிண்ட் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஸனெலே முஹோலி 2006லிருந்து எடுத்துவரும் தொடரில், எதிரில் இருப்பவர்களைப் பங்கேற்பாளர்கள் என்றே குறிப்பிடுகிறார். வேலையை அப்படிப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

இவர்களில் உங்களுக்கு வழிகாட்டியாக ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் மில்டன் ரோகோவினைச் சொல்வேன். அமெரிக்காவின் பஃபலோ நகரில் கண்ணைப் பரிசோதித்துக் கண்ணாடி கொடுப்பவராக இருந்தவர். 1957ல் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு விசாரணைக் குழு அவரைக் கூப்பிட்டு விசாரித்தது. ஊர்ப் பத்திரிகைகள் முத்திரை குத்தின, தொழில் படுத்துவிட்டது. அதன் பிறகுதான் கேமராவை முழுமூச்சாக எடுத்தார். 1972ல் தன் கடைக்கு அருகில் இருந்த ஏழைக் குடியிருப்பில் படமெடுக்கத் தொடங்கினார். முதலில் ஜனங்கள் அவரைப் போலீஸ் ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். அவரும் மனைவி ஆனும் எடுத்த படத்தைக் கொண்டுபோய் அவரவர் கையில் கொடுத்துக் கொடுத்துத்தான் அந்தச் சந்தேகம் போனது. எப்படி நிற்க வேண்டும் என்று அவர் சொல்வதில்லை. அவர் வைத்திருந்த ரோலிஃபிளெக்ஸ் கேமராவை வயிற்றருகே பிடித்து, தலையைக் குனிந்து மேலிருந்து பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவருக்கு அது ஒரு வணக்கம் போலத் தெரியும்.

அவர் செய்த பெரிய காரியம் திரும்பிப் போனது. 1980களில், 1990களில், பிறகு தொண்ணூறு வயதுக்கு மேலும், அதே தெருக்களில் அதே குடும்பங்களைத் தேடிப் பிடித்து மறுபடி எடுத்தார். ஒரே ஆளின் மூன்று நான்கு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கைக்குழந்தையோடு நின்ற இளம்பெண் அடுத்த படத்தில் பருத்திருக்கிறாள், அடுத்ததில் பேரக்குழந்தை. அரும்பு மீசையோடு முறைத்த பையன் தலை நரைத்து நிற்கிறான். ஒருவர் இருந்த இடம் காலியாக இருக்கிறது. இவர்களுக்கும் நமக்கும் ஊரும் மொழியும் வேறு. ஆனால் காலம் ஒருவர் மேல் ஏறிப்போவதைப் பார்த்தால் நம் வீட்டு ஆல்பத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். ஒரே நாளில் உலகத்தைச் சுற்றி நூறு முகம் எடுப்பதைவிட, நடந்துபோகிற தூரத்தில் இருக்கும் பத்துப் பேரிடம் வருடத்துக்கு ஒருமுறை போவது இந்தக் காரணத்தால்தான் மேல் என்கிறேன்.

அப்படியே தொடங்குங்கள். உங்களைப் போல இல்லாத, ஆனால் நீங்கள் திரும்பிப் போக முடிகிற ஆட்களாகப் பாருங்கள். உங்களுக்குப் பிடிக்காத கருத்துள்ள ஒருவராவது அதில் இருக்கட்டும். பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். படத்துக்குக் கீழே என்ன எழுத வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். அவர் சொன்ன வார்த்தையை நீங்கள் செம்மைப்படுத்த வேண்டாம். தொகுக்கும்போது சிரிப்புக்குப் பக்கத்தில் சிரிப்பை வைக்காதீர்கள், ஒத்துப்போகாத இரண்டு முகங்களைப் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவர் தானே வேலை செய்வார். மாட்டும்போது எல்லாப் படமும் ஒரே அளவில், பார்க்கிறவரின் கண் உயரத்தில் இருக்கட்டும். மற்றவர்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்தப் படங்களில் இருப்பவர்களை ஒரு நாள் அங்கே வரச் சொல்லி ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கவிடுங்கள். யாராவது தன் படத்தை எடுத்துவிடச் சொன்னால், பொதுமக்கள் வருவதற்குள் அதை எடுத்துவிட நேரம் இருக்கும்.